இரண்டாவது கட்டிலுக்கு ஓர் ஆள்

உல்லாசக் கப்பலில் தனி ஆளுக்கு மரியாதை கிடையாது. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அறை என்றால் அது இருவருக்கு. ஒருத்தியாகப் போனாலும் கிட்டத்தட்ட இருவர் கட்டணத்தைக் கறந்துவிடுவார்கள். ஆயுள் முழுக்கச் சலவைக்கடை நடத்தியவள் நான். காலிக் கட்டிலுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் எனக்கு ஒரு துணை வேண்டும்.

பதினாறு பயணம் போயாயிற்று. வீட்டில் எனக்குக் 'கப்பல்காரி' என்றே பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் ஒரே ஒரு தடவை வந்தார். ஏறியதிலிருந்து இறங்கும்வரை பிழிந்து போட்ட துணியாகக் கிடந்தார். "தரைன்னா ஆடக் கூடாது, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிறகு என் அக்கா வந்துகொண்டிருந்தாள். அவள் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் தன் தலையை வாரிக்கொள்ளவே அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. அப்புறம் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்த தோழி வந்தாள். அவள் ஐம்பது தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டாள். புதுப் புருஷனுக்கு மலைதான் பிடிக்குமாம். நன்றாக இருக்கட்டும்.

மிச்சம் இருந்தவர் என் சம்பந்தி அம்மா, அதாவது மருமகளின் தாயார்.

சம்பந்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். கணவர் போன பிறகு தனியாகவே நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டியவர். எங்கே உட்கார்ந்தாலும் அவர் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடும். சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட. எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நின்றுகொண்டு என் வீட்டுக்காரரை மூன்று தடவை ரிவர்ஸ் எடுக்க வைத்தார். நான்காவது தடவை நான் வாயைத் திறந்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் 'சாப்பிட்டீங்களா', 'ஆச்சு' என்ற அளவில்தான் பேச்சு.

ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்பார்கள். நான் கடலையே கடக்க வேண்டியவள். வெட்கத்தை விட்டு மருமகளைத் தூது அனுப்பினேன். அவள் என்ன சொல்லி மயக்கினாளோ, சம்பந்தி சரி என்று சொல்லிவிட்டார். ஏழு நாள் பயணம். இது அவருக்குப் பிடித்துவிட்டால் எனக்கு ஆயுளுக்கும் துணை கிடைத்த மாதிரி. பிடிக்காவிட்டால் என் கப்பல் வாழ்க்கை அத்தோடு கரை தட்டிவிடும். வேறு ஆளே இல்லை. பக்கத்து வீட்டுப் பூனையைத்தான் கூப்பிட வேண்டும்.

எனவே சம்பந்திக்கு ஒரு சின்னக் குறைகூட வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பதினாறு பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவர் காலடியில் கொட்டினேன். கொட்டியதில் அவர் கால் புதைந்துபோனது எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளே தொடங்கியது. இஸ்திரிப் பெட்டி எடுத்து வராதீர்கள், கப்பலில் நெருப்புப் பயம் அதிகம், பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சலவைக்கடைக்காரியே இஸ்திரிப் பெட்டி இல்லாமல் போகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டாமா? அவர் எடுத்து வந்தார். எல்லோர் பெட்டியும் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தது, அவர் பெட்டி மட்டும் வரவில்லை. கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டனுப்பி, தங்கள் கண் முன்னாலேயே திறக்கச் சொன்னார்கள். கெட்டில் கொண்டுவந்தவர், மெழுகுவத்தி கொண்டுவந்தவர் என்று குற்றவாளிகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் சம்பந்தி. நான் பக்கத்தில் நின்று, "நான்தான் சொன்னேனே" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

"சரி" என்றார்.

அவர் புடவைகளைக் குளியலறையில் தொங்கவிட்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஆவி பட்டுச் சுருக்கம் தானாக நீங்கியது. இது கடைக்காரி ரகசியம், உங்களுக்கும் இலவசம். சம்பந்தி தடவிப் பார்த்துவிட்டு அதற்கும் "சரி" என்றார்.

ஏறிய அன்று மதியம் எல்லோரும் மேல்தளத்து பஃபேவுக்கு ஓடுவார்கள். தட்டு கிடைத்தால் கரண்டி கிடைக்காது, கரண்டி கிடைத்தால் நாற்காலி கிடைக்காது. அப்போது கீழே சாப்பாட்டுக் கூடம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும், அங்கே போய் ராணி மாதிரி உட்காரலாம். போனோம், உட்கார்ந்தோம். நான் சொன்னபடியேதான் இருந்தது. அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொக்கி ஒட்டினால் தொப்பி, பை, துண்டு எல்லாம் மாட்டலாம் என்று என் கொக்கிகளை எடுத்து வரிசையாக ஒட்டினேன். ஒட்டிக்கொண்டன. நடைவழிகளில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று யாருக்கும் குழம்பும். கீழே விரிப்பைப் பாருங்கள், மீன்கள் எந்தத் திசையில் நீந்துகின்றனவோ அதுதான் கப்பலின் முன்பக்கம் என்று காட்டினேன். அதுவும் சரியாக இருந்தது.

இரண்டாம் நாள் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. படுக்காதீர்கள், நடுத்தளத்துக்கு வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள், பச்சை ஆப்பிளைக் கடியுங்கள் என்றேன். சம்பந்தி தனக்கு இதெல்லாம் வராது, மலைப்பாதையில் லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்று சொல்லிவிட்டுப் படுத்தார். படுத்த வேகத்தில் எழுந்து குளியலறைக்கு ஓடினார். பிறகு ஆப்பிள் சாப்பிட்டார், சரியாயிற்று. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே, இது எனக்குச் சொந்தமா நான் இதற்குச் சொந்தமா என்று தெரியவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று அது தானாகச் சொல்லியது.

நாள் ஆக ஆகச் சம்பந்தியின் 'சரி' சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வெறும் தலையாட்டல். நான்காம் நாள், கொஞ்சம் தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். வெயில் கண்ணாடியை மறந்துவிட்டாரே, மேலே காற்று கண்ணைக் குத்துமே என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கைப்பிடிக் கம்பியோரம் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னும் மூணு நாள்தான்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன்."

கண்ணாடியை நீட்டாமலே திரும்பி வந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். கோபமும் வந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன்? ஒரு வாய்ச் சோறு ஆறிப்போக விட்டேனா? அடுத்த வருஷம் நான் கடை வாசலில் உட்கார்ந்து அடுத்தவர் வேட்டியில் கறை எண்ணிக்கொண்டிருக்கப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

இன்னும் ஒரே வாய்ப்புதான் இருந்தது. ஐந்தாம் நாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். இறங்கி ஊர் சுற்றலாம். அந்த ஊர் எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அங்கே அவரை மயக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மயக்கவும் செய்தேன். கடைத்தெருவில் அவர் ஒரு குடை வாங்கினார், பேத்திக்கு ஒரு சட்டை வாங்கினார், அந்த ஊர் வட்டச்சாலையில் கார்கள் ஒன்றையொன்று உரசாமல் சுற்றுவதைக் கை கட்டி நின்று ரசித்தார். முதல் தடவையாகச் சிரிக்கக்கூடச் செய்தார். நேரத்தோடு கிளம்பினோம். கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், கப்பல் யாருக்காகவும் நிற்காது என்பது என் சட்டம்.

பேருந்து எங்களைத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டது. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். சம்பந்தி நின்றார்.

"காலைல வெளிய வந்து வலது பக்கம் திரும்பினோம். அப்போ இப்ப இடது பக்கம் இல்ல போகணும்?"

நான் சிரித்தேன். பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். "சம்பந்தி, எனக்கு இது பதினேழாவது பயணம். கண்ணைக் கட்டி விட்டாலும் என் கால் என்னைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேத்துடும்" என்றேன்.

அந்தக் காலைப் பற்றி நான் சொன்னது முழு உண்மை. அது என்னைக் கப்பலுக்குத்தான் கொண்டுபோனது.

அங்கே நல்ல வரிசை. வெயிலில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பையைச் சோதனைக்கு விட்டு, கப்பலுக்குள் ஏறும் பாலத்தின் முனைக்கு வந்தோம். உள்ளே மீன் போட்ட அதே விரிப்பு தெரிந்தது. காவலர் என் பயண அட்டையை வாங்கிக் கருவியில் காட்டினார். பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. என் அட்டையைத் துடைத்துக் காட்டச் சொன்னேன். சிவப்பு. சம்பந்தியின் அட்டையும் சிவப்பு. உங்கள் கருவி கெட்டுவிட்டது என்றேன். பின்னால் இருந்தவரின் அட்டை பச்சை காட்டியது, அவர் உள்ளே போனார். அப்போதாவது அடங்கினேனா? இந்தக் கப்பலில் எத்தனை தடவை வந்திருக்கிறேன் தெரியுமா, கேப்டன் எனக்குக் கை கொடுத்திருக்கிறார், மேலாளரைக் கூப்பிடுங்கள் என்று நியாயம் பேசினேன். வரிசை முழுவதும் வேடிக்கை பார்த்தது.

காவலர் அட்டையை ஒரு தடவை படித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அம்மா, நீங்க இந்தக் கப்பல்ல நிறைய தடவை வந்திருக்கீங்க, நம்பறேன். ஆனா இந்தத் தடவை நீங்க வந்தது அதுல" என்று கையை நீட்டினார்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம், இன்னொரு துறைமேடையில், அச்சு அசலாக இதே மாதிரி ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. அந்த நிறுவனத்துக்கு இரட்டைக் கப்பல்கள். என் பழைய பயணங்களில் முக்கால்வாசி இதில். இந்தத் தடவை அதில். காலையில் நாங்கள் இறங்கியபோது இது இன்னும் வந்து சேரவே இல்லை, அதனால் எனக்கு நினைவும் வரவில்லை. பழக்கதோஷத்தில் என் கால் தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. இது கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. எங்களுடையது கிளம்பக் கால் மணி நேரம்தான் இருந்தது. பார்க்கக் கைக்கெட்டும் தூரம், நடந்தால் துறைமுகத்தையே சுற்ற வேண்டும்.

மாத்திரை, போன் சார்ஜர், மாற்றுப் புடவை எல்லாம் அங்கே. மானம் கப்பலேறிவிட்டது, நாங்கள் மட்டும்தான் இன்னும் ஏறவில்லை. அதையெல்லாம்விட, சம்பந்தியின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. பார்த்தேன்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். லேசாக இல்லை, தோள் குலுங்கச் சிரித்தார். கீழே இறங்கியதும், கப்பல் கயிறு கட்டும் குட்டை இரும்புத் தூணில் உட்கார்ந்து, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். "கண்ணைக் கட்டி விட்டாலும்" என்று சொல்ல வந்து, முடிக்க முடியாமல் திரும்பவும் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. இங்கே கப்பல் போகிறது, இவருக்குச் சிரிப்பா? அடுத்த நொடி எனக்கும் உதடு துடித்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

முதலில் எழுந்தவர் அவர்தான். பெட்டிகளை இழுத்துப் போகும் பேட்டரி வண்டி ஒன்று அந்த வழியாக வந்தது. பின்னால் இரண்டு தொட்டி வண்டிகளைக் கோத்திருந்தார்கள். சம்பந்தி நடுப்பாதையில் போய் நின்று குடையை நீட்டினார். வண்டி நின்றது. ஓட்டியவர் மீசைக்காரர், மலை மாதிரி ஆள். பயணிகளை ஏற்றக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"முதல்ல பெல்ட்ட போடுங்க" என்றார் சம்பந்தி.

அது பள்ளியில் புது மாணவனிடம் பேசும் குரல். மீசைக்காரர் கை தானாகப் போய் பெல்ட்டைத் தேடியது. அவர் அதை மாட்டி முடிப்பதற்குள் நாங்கள் பின் தொட்டியில் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் அவர் என்ன செய்வார், ஓட்டினார்.

ஓட்டினார் என்று நான் சொல்கிறேன், சம்பந்தி ஒப்புக்கொள்ள மாட்டார். "திருப்பத்துல ஏன் இவ்வளவு அகலமா எடுக்கறீங்க? கண்ணாடி பாருங்க. ஹாரன், ஹாரன்" என்று வழியெல்லாம் பாடம். அவருடைய வலது கால் யாரோ ஒருவருடைய சிவப்புப் பெட்டியை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டது. நான் ஒரு கையால் என் முடியையும் இன்னொரு கையால் அவர் புடவைத் தலைப்பையும் பிடித்திருந்தேன். பேத்தியின் சட்டைப் பை காற்றில் பறக்கப் பார்த்தது, பல்லால் கவ்விக்கொண்டேன்.

அப்போது எங்கள் கப்பல் சங்கு ஊதியது.

கப்பல் கிளம்பும் நேரத்தில் பால்கனிகளில் ஒரு கூட்டம் காத்திருக்கும். தாமதமாக ஓடிவரும் ஆட்களைப் பார்த்துக் கை தட்டுவது அங்கே ஒரு விளையாட்டு. பதினாறு பயணத்திலும் தேநீர்க் கோப்பையோடு நின்று நானும் தட்டியிருக்கிறேன், 'இதுங்களுக்கு நேரம் காலம் தெரியாதா' என்று பேசியும் இருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கூட்டம் முழுவதும் எங்களைப் பார்த்துக் கத்தியது. போனைத் தூக்கிப் படம் பிடித்தது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு? சம்பந்தி குடையை விரித்து ஆட்டினார். நான் வாயில் பையோடு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். சத்தம் இரண்டு மடங்கானது.

பாலத்தை எடுக்க ஆட்கள் கை வைத்துவிட்டார்கள். எங்களைப் பார்த்ததும் நிறுத்தி, சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். அட்டை பச்சை காட்டியது. உள்ளே கால் வைத்ததும் எனக்குச் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். முகம் கழுவிக்கொண்டு சம்பந்தி வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை.

எங்கே போயிருப்பார்? மகளுக்குப் போன் பண்ணத்தான். மருமகள் மகனிடம் சொல்வாள், மகன் என் வீட்டுக்காரரிடம் சொல்வான், அவர் ஊருக்கே சொல்வார். அது போகட்டும். நாலு நாள் படுத்திய பாடு போதாதென்று, தப்பான கப்பலுக்கு வேறு இழுத்துக்கொண்டு போனேன். இனி இந்த ஜென்மத்தில் அவர் என்னோடு வர மாட்டார். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். எங்கள் கப்பல் கவிழாமல் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது, நான் மட்டும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே எவ்வளவு நேரம் இருப்பது? மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்று எழுந்து தேடப் போனேன்.

மேல்தளத்தில் இல்லை. தேநீர்க் கூடத்தில் இல்லை. மூன்றாம் தளத்தில், புகைப்படக் கடைக்குப் பக்கத்தில், அடுத்த பயணங்களுக்கு முன்பதிவு செய்யும் மேசை ஒன்று உண்டு. அதன் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் சம்பந்தி. கையில் அச்சடித்த தாள்.

"ரெண்டு பேருக்குப் போட்டுட்டேன். அடுத்த வருஷம், பத்து நாள்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. யாரோடு போகிறீர்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களோடதான். நாலு நாளா நீங்க சொன்னதெல்லாம் சரியாவே இருந்துச்சு, சம்பந்தி. ஒண்ணுகூடத் தப்பாகல. மனுஷியால தாங்க முடியுமா அதை? இன்னிக்கு ஒரு தப்புப் பண்ணீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அவர் போனதுக்கு அப்புறம் நான் இப்படிச் சிரிச்சதே இல்ல."

சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எங்களைப் பார்க்காத மாதிரி கணினியைப் பார்த்தாள்.

"அறைகூட நானே பாத்து எடுத்தேன். படம் போட்டுக் காட்டினாங்க. நல்லா இருக்கா பாருங்க" என்று தாளை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பார்த்தேன். பன்னிரண்டாம் தளம், கப்பலின் மூக்கு முனை. சின்ன அலைக்கே தூக்கித் தூக்கிப் போடும் இடம். சரி, தலையெழுத்து என்று வரைபடத்தில் அதற்கு மேல்தளம் என்ன என்று தேடினேன். நடனக் கூடம். அதுவும் எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே மேளக்காரர் உட்காரும் மேடை. பதினேழு பயணத்தில் இதைவிட மோசமான அறையை நான் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே மாற்றித் தருவாள். என் வாய் திறந்தது. திறந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். சம்பந்தி புருவத்தைத் தூக்கினார்.

"அருமையான அறை, சம்பந்தி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காதில் அடைக்கப் பஞ்சு வாங்கினேன். ஒரு பொட்டலம்தான் வாங்கினேன், எனக்கு மட்டும். அவருக்கு வேண்டும் என்றால் அவரே கேட்பார்.